ரவுட்டரின் தாய் யார்? வீட்டுச் சாதனங்களின் பரஸ்பர நம்பிக்கை குறித்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை கூடத்து டிவி ஸ்டாண்டில் தொடங்கி, சிக்னல் எட்டாத பின்கட்டுக் குளியலறையோடு முடிகிறது. அதற்குள் வாழும் ரவுட்டர், டிவி, பிரிண்டர், ஸ்பீக்கர், கைப்பேசி, அண்மையில் குடியேறிய வைஃபை பல்பு ஆகியவை ஒன்றையொன்று எதை வைத்து நம்புகின்றன என்பதே வினா. கருதுகோள்: கணிதத்தை வைத்து அன்று, வீட்டுக்காரரின் அவசரத்தை வைத்தே.

இத்துறையின் பழைய மரபைச் சுவர்வாதம் எனலாம். சுவருக்குள் இருப்பவரெல்லாம் சொந்தம் என்பது அதன் கொள்கை. 1982-இல் டேவிட் பிளம்மர் எழுதிய ஏ.ஆர்.பி. நெறிமுறை அதன் மூலநூல். இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு கருவி கூட்டத்தைப் பார்த்து, "192.168.1.1 யாரப்பா?" என்று குரல் கொடுக்கும். "நான்தான்" என்று எது பதில் சொன்னாலும் நம்பிவிடும். ஆதார் கேட்கும் வழக்கம் அந்நூலில் எங்கும் இல்லை.

அடுத்தது வாத்துவாதம். வாத்தினக் குஞ்சு முட்டையை விட்டு வந்ததும் முதலில் கண்ணில் பட்டு அசைவதையே தாயாகக் கொள்ளும் என்பதை கொன்ராட் லோரன்ஸ் விரிவாக ஆராய்ந்தார். 1999-இல் ஃபிராங்க் ஸ்டஜானோவும் ராஸ் ஆண்டர்சனும் அந்தக் குஞ்சைக் கருவிகளுக்கு முன்மாதிரியாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். போலி ஆய்வன்று, மெய்யான ஆய்வு. முதலில் சாவியைத் தருபவரே தாய். பிறகு வேறு யார் அழைத்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. உரிமை கைமாற வேண்டுமானால் கருவி ஒருமுறை செத்துப் பிறக்க வேண்டும். ரவுட்டரின் முதுகில் இருக்கும் சின்னத் துளையில் சேஃப்டி பின்னை விட்டுச் சில நொடி அழுத்துகிறோமே, அதுவே அந்த மறுபிறவி.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நம் வீட்டு ரவுட்டர் முதன்முதலாகக் கண் விழிக்கும்போது எதிரே நிற்பவர் யார்? கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி. பாஸ்வேர்டாக வீட்டுக்காரரின் மொபைல் நம்பரைச் சூட்டி, அட்மின் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாமல் பைக்கில் கிளம்பிவிடுபவரும் அவரே. எனவே கொள்கைப்படி தாய் அவர். நாம் மாதாமாதம் பணம் கட்டும் வளர்ப்புப் பெற்றோர்.

இனி எண்வாதம். 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட முறைப்படி, முன்பின் பார்த்திராத இரண்டு கருவிகள் ஊரறியப் பேசியே ஊருக்குத் தெரியாத சாவி ஒன்றைச் செய்துகொள்ளலாம். குறை ஒன்றுதான்: நடுவில் ஒருவன் நின்று இருபக்கமும் தனித்தனிச் சாவி செய்துகொண்டாலும் இவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் 2007-இல் வந்த ப்ளூடூத் 2.1, இரு திரைகளிலும் ஆறிலக்க எண்ணைக் காட்டி, இரண்டும் ஒன்றா என்று நம்மைக் கேட்கத் தொடங்கியது. நடுவில் ஆள் இருந்தும் எண்கள் பொருந்திப்போக வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று. இவ்வளவு கணிதமும் கடைசியில் ஒரு மனிதக் கண்ணுக்காகக் கைகட்டி நிற்கிறது. அந்தக் கண்ணோ கல்யாண ஃபோட்டோ லேப்டாப்புக்கு எப்போது வரும் என்று பார்க்கிறது. கட்டைவிரல் முந்திக்கொள்கிறது. திரையே இல்லாத ஸ்பீக்கரிடம் இந்தச் சடங்கும் கிடையாது. கேட்ட மாத்திரத்தில் சம்மதம்.

எண்ணை நம்பும் இன்னொரு சடங்கும் உண்டு. பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சொல்லி வைஃபையில் சேர்வதற்கான, ரவுட்டர்களின் டபிள்யூ.பி.எஸ். எண் எட்டிலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்குப் போனாலும் மிச்சம் ஒரு கோடி வாய்ப்பு. ஆனால் முதல் பாதி தப்பென்றால் அதை உடனே தனியாகச் சொல்லிவிடும் நேர்மை அதற்கு உண்டு. 2011-இல் ஸ்டெஃபான் ஃபீபொக் கணக்குப் போட்டுப் பார்த்தார்: 11,000 முயற்சி போதும். கருவிகளுக்கு நேர்மை ஆகாது என்று பிற்காலத்து ஆய்வாளர் எவரேனும் எழுதக்கூடும்.

எஞ்சியிருப்பது விருந்தாளிகளுக்கான கெஸ்ட் நெட்வொர்க். இதில் சேர்ந்தவருக்கு இணையம் கிடைக்கும். வீட்டு பிரிண்டரும் லேப்டாப்பும் கண்ணில் படா. அரைகுறைப் பாதுகாப்புடன் வரும் பல்புகளையும் இதிலேயே ஒதுக்கிவையுங்கள் என்கிறார்கள் வல்லுநர்கள். தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, "மாமா, வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்கும்போது இந்த அறிவுரை செயலுக்கு வருமா என்பது ஆராயப்பட வேண்டியது. மாப்பிள்ளையையும் பல்பையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் துணிச்சல் உள்ள மாமனார் இருந்தால், அவர் வீட்டில் கள ஆய்வுக்கு இவ்வாய்வாளர் தயார். பலகாரம் பரிமாறி முடித்த பிறகு.