உடற்பயிற்சிக்கூட வினா-விடை மரபு: நன்னூல் வழி ஓர் ஆய்வு

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பிரித்து வைத்து ஏறக்குறைய 800 ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் இன்று வரை உரையாசிரியர்களும் பாடநூல்காரர்களும் இதற்குக் கடைத்தெருவிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் எடுத்துக்காட்டுகளைத் தேடித் தந்திருக்கிறார்கள். ஜிம் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழாய்வில் நீண்ட நாளாக இருந்துவரும் இந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இயங்கும் ஓர் உடற்பயிற்சிக்கூடம். மூன்று பக்கமும் கண்ணாடி. நான்காவது பக்கத்தில் மாலை போட்ட ஆஞ்சநேயர். அவருக்குப் பக்கத்தில் அதே அளவில் மாலை போடாத அர்னால்டு. காலையில் ஏற்றிய சாம்பிராணி, ரப்பர் விரிப்பு, வியர்வை மூன்றும் கலந்த வாசனை. இரும்புத் தட்டுகளில் பாதி கிலோவிலும் பாதி பவுண்டிலும் இருப்பதால், யார் எவ்வளவு தூக்குகிறார் என்பது அவரவர் மனசாட்சிக்கு மட்டுமே தெரியும். ஆய்வுமுறை: ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வது. சமூகவியலில் இதற்குப் பங்கேற்பு உற்றுநோக்கல் என்று பெயர். பயிற்சி தரும் மாஸ்டர் இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. பகல் 11 மணி லேடீஸ் பேட்ச் ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கிறது. அந்த நேரத்தில் ஆய்வாளரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

முதலில் அறிவினா. விடையைத் தான் அறிந்திருந்தும், எதிரில் இருப்பவர் அறிவாரா என்று பார்க்கக் கேட்பது. "லெக் எப்ப போட்டே தம்பி?" என்று மாஸ்டர் கேட்பது இவ்வகையின் தூய வடிவம். விடை அவர் கண்ணெதிரிலேயே, டிராக் பேண்டுக்குள் இரண்டு குச்சிகளாக நின்றுகொண்டிருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அறியாவினா புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உரியது. முதல் வாரத்தோடு வற்றிவிடும். "ஏன் மாஸ்டர் எல்லாமே மூணு செட், பத்துப் பத்து?" "சிஸ்டம் அப்படித்தான்." கேட்டவர் திருப்தியாகப் போய்விடுகிறார். உண்மையில் இந்த சிஸ்டத்துக்கு ஊரும் பேரும் உண்டு. தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களின் கால் தசையைத் தேற்ற எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். 1945இல் அதை எழுதி வெளியிட்டபோது ஒரு பயிற்சியை 70 முதல் 100 முறை செய்யச் சொன்னார். அது அதிகம் என்று பிறகு அவருக்கே பட்டது. 1948இல் வாட்கின்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து மூன்று செட்டாகக் குறைத்தார்: ஒருவர் பத்து முறை தூக்கக்கூடிய எடையில் முதல் செட்டுக்குப் பாதி, இரண்டாவதற்கு முக்கால், மூன்றாவதற்கு முழுசு. நம் ஊர் ஜிம்முக்கு மூன்றும் பத்தும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன. பாதியும் முக்காலும் வழியிலேயே இறங்கிக்கொண்டன. நம் பையன்கள் முதல் செட்டிலேயே முழுசை ஏற்றிக்கொண்டு "மாஸ்டர்!" என்று அலறுவதற்குக் காரணம் இதுதான்.

ஐயவினாவில் அறிஞர் உலகமே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஸ்குவாட்டில் முட்டி கால்விரலைத் தாண்டலாமா, கூடாதா? கூடாது என்பது பழைய பள்ளி. தாண்டினால் முட்டி தேய்ந்துவிடும், ஜவ்வு கிழிந்துவிடும், நாற்பது வயதில் மாடிப்படி ஏற முடியாது என்று இப்பள்ளியினர் சாபத்துக்கு நிகரான மொழியில் சொல்வார்கள். 2003இல் அமெரிக்காவில் ஏழு ஆண்களைப் பார்பெல்லோடு ஸ்குவாட் போடச் சொல்லி இதை அளந்து பார்த்தார்கள். ஒரு முறை இயல்பாக. இன்னொரு முறை முட்டி தாண்டாதபடி முன்னால் ஒரு பலகையை நிறுத்தி வைத்து. பலகை வைத்ததும் முட்டியில் விழுந்த திருப்பு விசை சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117ஆகக் குறைந்தது. பழைய பள்ளிக்கு இது வெற்றிதான். ஆனால் இடுப்பில் அது 28இலிருந்து 303ஆக ஏறிவிட்டது. முட்டியைக் காப்பாற்றப் போன ஆள் முதுகை முன்னால் சாய்த்துச் சுமையை இடுப்புக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். ஒரு கடனை அடைக்க மீட்டர் வட்டிக்கு இன்னொரு கடன் வாங்குவது போலத்தான். பஸ்கி போட்ட தலைமுறையும், அம்மிக்கும் அரிவாள்மணைக்கும் குத்த வைத்து உட்கார்ந்த தலைமுறையும் இந்த ஐயவினாவைக் கேட்டதே இல்லை. அவர்கள் முட்டி எப்போதோ விரலைத் தாண்டிவிட்டது. முட்டி நல்லபடியாக இருப்பவருக்கு ஆய்வாளரின் தீர்ப்பு: குதிகால் தரையில் இருக்கட்டும், முட்டி தாண்டினால் தாண்டட்டும். ஏற்கெனவே வலி இருப்பவர் இலக்கணக் கட்டுரையைப் படிக்காமல் மருத்துவரைப் பார்க்கவும்.

இனி இவ்வாய்வின் உயிர்நாடியான கொளல்வினா. கடைக்காரரிடம் ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்பது, இருந்தால் வாங்கிக்கொள்ளத்தான். மாலை 6 மணிக்கு மேல், ஒரே ஒரு பெஞ்ச் பிரஸ் பலகையின் தலைமாட்டில் நின்றுகொண்டு ஒருவர் கேட்கிறார்: "இன்னும் எத்தனை செட் இருக்கு ப்ரோ?" உருவத்தில் இது எண்ணிக்கை பற்றிய கேள்வி. நோக்கம் எண்ணிக்கை அல்ல, பலகை.

நன்னூலார் சொன்ன எட்டு விடையும் இந்த ஒரே கேள்விக்குக் கிடைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் தலையாய கண்டுபிடிப்பு. பலகையில் இருப்பவர் மூலையில் கிடக்கும் சாய்வு பெஞ்சைக் கண்ணால் காட்டி "அது சும்மாதானே இருக்கு" என்றால் சுட்டு. "இன்னும் முடியல" மறை. "ஆச்சு, எடுத்துக்கோங்க" நேர்; இது அருகிய வழக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கேட்கக் கிடைக்கும். "நீங்க டம்பெல்ல ரெண்டு செட் போட்டுட்டு வாங்க" ஏவல். "ஏன் ப்ரோ, அவசரமா?" வினா எதிர் வினாதல். "இப்பதான் ப்ரோ ஆரம்பிச்சேன்" உற்றது உரைத்தல். "டைம் ஆகும்" உறுவது கூறல். எட்டாவதான இனமொழிதான் அழகு. செட் எத்தனை என்று கேட்டால் "எண்பது கிலோ போட்டுட்டிருக்கேன்" என்பார். கேட்டது ஓர் எண், கிடைத்ததும் ஓர் எண். ஆனால் வந்தவர் அடுத்த கேள்வி கேட்காமல் நகர்ந்துவிடுகிறார். "லாஸ்ட் செட்" என்ற விடை மட்டும் எந்த வகையிலும் அடங்கவில்லை. அதைச் சொன்ன பிறகும் இரண்டு செட் நடப்பதால் அதை மங்கல வழக்கில் சேர்க்கலாம் என்பது என் துணிபு.

உட்கார்ந்திருப்பவர் பக்கமும் நியாயம் உண்டு. கனமான எடையைத் தூக்கும் சில நொடிகளுக்குத் தசை நம்பியிருப்பது தன்னிடம் இருப்பில் உள்ள ஏடிபி, பாஸ்போகிரியேட்டின் என்ற ஆற்றல் மூலங்களைத்தான். அந்த இருப்பு தீர்ந்தால் ஏறக்குறைய முழுசாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். பயிற்சி பெற்ற ஆண்களை எட்டு வாரம் இரண்டு அணியாகப் பழக்கி 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், செட்டுக்கு நடுவே ஒரு நிமிடம் ஓய்வெடுத்தவர்களைவிட மூன்று நிமிடம் எடுத்தவர்களுக்கு வலுவும் தசையும் அதிகம் கூடின. ஆகவே பலகையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் அவர் கையில் போன் இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. பாஸ்போகிரியேட்டின் நிரம்புவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ரீல்ஸுக்கு இல்லை.

இச்சிக்கலுக்கு ஜிம் வழக்கிலேயே ஒரு தீர்வு இருக்கிறது: "மாத்தி மாத்திப் போட்டுக்கலாமா ப்ரோ?" ஒருவர் தூக்கும்போது மற்றவருக்கு ஓய்வு. கோட்பாட்டளவில் குறையே இல்லை. நடைமுறையில், முதலாமவர் எண்பது கிலோ, இரண்டாமவர் நாற்பது கிலோ என்றால், இருபது கிலோ பார் போக முதலாமவருக்குப் பக்கத்துக்கு முப்பது, இரண்டாமவருக்குப் பக்கத்துக்குப் பத்து. ஒவ்வொரு முறையும் நாற்பது கிலோ இரும்பைக் கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். ஓய்வு நேரம் முழுக்க இரும்பு சுமப்பதிலேயே போய்விடும். உடம்புக்கு அதுவும் நல்லதுதான். ஆனாலும் இரண்டாமவர் கூச்சப்பட்டு அறுபதில் ஒரு முயற்சி செய்து பார்க்க, மாஸ்டர் ஓடி வந்து பாரைப் பிடிப்பதில் முடிகிறது.

கொடைவினா என்பது, இல்லை என்றால் தரலாம் என்ற எண்ணத்தில் கேட்பது. "ப்ரோட்டீன் எடுக்கறீங்களா சார்?" என்று மாஸ்டர் கேட்பதை முதலில் இதில்தான் வைத்தேன். பில் வந்த பிறகு வகை மாற்ற வேண்டியதாயிற்று. தசை வளர்க்க உடல் எடையில் கிலோவுக்கு நாள்தோறும் 1.6 கிராம் புரதம் வரை பலன் தெரிகிறது, அதற்கு மேல் பெரிதாகக் கூடுவதில்லை என்பது 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான முடிவு. எழுபது கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். மீதியைப் பருப்பு, பால், மீன், கோழி, கொண்டைக்கடலை என்று வீட்டிலேயே கூட்டிக்கொள்ளலாம். எட்டாத நாளுக்கு ப்ரோட்டீன் டப்பா இருக்கட்டும். டப்பா தப்பில்லை, அதன் மேல் ஒட்டியிருக்கும் படம்தான் தப்பு.

ஏவல்வினாவுக்கு ஒரே சான்று போதும்: "எடுத்த வெயிட்டை எடுத்த எடத்துல வெக்க மாட்டீங்களா?" இதற்கு எட்டு வகையிலும் சேராத ஒன்பதாவது விடை உண்டு. காதில் ஹெட்போன்.

விடைகளில் உற்றது உரைத்தலையும் உறுவது கூறலையும் தனியே பேச வேண்டும். பள்ளிப் பாடநூல்கள் இவ்விரண்டுக்கும் கால்வலியை எடுத்துக்காட்டாகத் தந்துவந்திருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. லெக் டேக்கு முந்தின நாள் "வலிக்கும்" என்பதும், அடுத்த இரண்டு நாள் "வலிக்கிறது" என்பதுமாக, இடையில் லெக் டே வராமலேயே பார்த்துக்கொள்ளும் கலை நம் ஜிம்களில் முதிர்ந்த நிலையில் இருக்கிறது.

வலி பொய்யில்லை. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு 24 முதல் 72 மணி நேரத்தில் அது உச்சத்தைத் தொடும். "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு" என்று மாஸ்டர் சொல்வார். தசையில் சேர்ந்த லாக்டேட் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனதும் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. நாளை மறுநாள் வரை உட்கார்ந்து குடைய அதற்கு நேரமில்லை. தசைக்குள்ளேயே ஏற்படும் நுண்ணிய சிதைவுதான் காரணமாக இருக்கும் என்று தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902லேயே எழுதிவிட்டார். சுமையைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போது இந்தச் சிதைவு அதிகம். ஸ்குவாட்டில் எழுவதைவிட இறங்குவது வலியைக் கொண்டுவருவது இதனால்தான். மாடிப்படி இறங்கும்போது தொடை செய்வதும் அதே வேலை. நம் ஆய்வுக்களம் இரண்டாவது மாடியில் இருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். லெக் டேக்கு மறுநாள் கைப்பிடிச் சுவரை அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு நடையாக ஒவ்வொரு படியாக இறங்கும் இளைஞரைப் பார்த்து, மருந்துக்கடைக்காரர் தைலத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுகிறார்.

"ஸ்ட்ரெச் பண்ணினா சரியாயிடுமா?" பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நூறு புள்ளி அளவுகோலில் அது மறுநாள் வலியைக் குறைத்தது சராசரியாக ஒரு புள்ளி அளவுக்குத்தான். மறுபடி அதே பயிற்சியைச் செய்தால் வலி வெகுவாகக் குறைகிறது. ஒரு முறை அடி வாங்கிய தசை அடுத்த முறைக்குத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. ஆக, லெக் டேயைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறவருக்கு ஒவ்வொரு லெக் டேயும் முதல் லெக் டேதான்.

நிறைவாக, நன்னூலில் இல்லாத ஏழாவது வினாவகை ஒன்றை முன்மொழிகிறேன். விரும்பிய விடை வரும் வரை ஆள் மாற்றி ஆள் கேட்பது. "லேசா தலைவலி, இன்னைக்கு ரெஸ்ட் எடுத்துக்கலாமா மாஸ்டர்?" மாஸ்டர் "வா, வந்தா சரியாயிடும்" என்றால் அது செல்லாது. ஜிம் நண்பரிடம், பிறகு வீட்டில், கடைசியில் போனில் கூகுளிடம் கேட்டு, "உடம்பு சொல்றதக் கேளு" என்ற வாசகம் கிடைத்ததும் வினா முற்றுப்பெறும். இதற்கு "இசைவு வினா" என்று பெயரிடலாம். "தினமும் என்ன செய்தால் உடம்பு தேறும்?" என்ற கேள்வியை மட்டும் ஆய்வுக்காலம் முழுவதும் ஒருவரும் கேட்கவில்லை. ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம், வயிற்றுக்குச் சோறு, சிறுகச் சிறுகக் கூட்டும் எடை என்று நேர்விடை எல்லாருக்கும் தெரியும் என்பதே காரணம்.

மேலாய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் மாலை 6 மணிக்கு மேல் செல்லவும். அப்போதுதான் கூட்டம் இருக்கும், தரவும் கிடைக்கும். கையோடு ஒரு துண்டு கொண்டு போகவும். பலகையிலிருந்து எழும்போது மறக்காமல் துடைக்கவும்.