குட்டி வீட்டு அண்ணாச்சி

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் கைப்பேசியை நீட்டி, "நேத்துதான் கண்ணு தொறந்துச்சு, பாருங்க" என்றால், பேரப்பிள்ளையோ என்று எண்ணி வாய் நிறைய வாழ்த்திவிடாதீர்கள். முதலில் படத்தைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு குட்டிகள் தூங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் வெவ்வேறு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருக்கும். சந்தேகமே வேண்டாம், அவர் குட்டி வீட்டுக்காரர்தான். அன்றைக்குப் பாயசம் வரும்வரை உங்களுக்கு விடுதலை இல்லை.

ஊருக்கு ஊர் இவர் இருக்கிறார். சென்னை அடுக்கு மாடியில் லாப்ரடார் வைத்திருக்கும் அங்கிள் இவரே. கோவில்பட்டிப் பக்கம் இவர் அண்ணாச்சி, வைத்திருப்பது சிப்பிப்பாறை. நான் அறிந்தது இந்தக் கரிசல்காட்டு வகை. மின்வாரியத்திலோ தீப்பெட்டி ஆபீசிலோ கணக்கெழுதி ஓய்வு பெற்றிருப்பார். நாயைக் காவலுக்கு என்றுதான் வாங்கினார். "வாசப்படி தாண்டி உள்ள வரப்படாது" என்று சட்டமும் போட்டார். நாய் சினையானது; சட்டம் அன்றே காலாவதியானது.

நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். தினசரி காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். ஈனுவதற்கு முந்தைய நாள் தாயின் உடல்சூடு 99 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்று மருத்துவர் சொன்னதால், வீட்டிலிருந்த ஒரே தெர்மாமீட்டர் நாயின் பின்பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. அந்த வாரம் பார்த்து மதினிக்குக் காய்ச்சல். கேட்டதும் அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார்.

"கழுவித்தாம்ளா வச்சிருக்கேன்."

மதினி புறங்கையால் தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

பிரசவத்துக்கென்று ஆசாரியை வைத்து ஒரு பெட்டி செய்தார். தாய் புரண்டு படுத்தால் குட்டி நசுங்காமலிருக்க உள்ளே சுற்றிவரக் கட்டை அடித்த பெட்டி. நாய் வந்து மோந்து பார்த்தது. பிறகு கட்டிலுக்கடியில், வெளுக்கப் போட்டிருந்த போர்வைகளின் மேல் போய் ஈன்றது. பெட்டியில் இப்போது சின்ன வெங்காயம் கிடக்கிறது.

ஈன்ற மறுநாள் நாய்க்கு ஆட்டுக்கால் சூப்பு. "நானும் மூணு பெத்தேன். ஒரு நா, ஒரு கரண்டி கண்டிருப்பேனா?" என்று மதினி யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னார். அண்ணாச்சி அப்போது மளிகைக்கடைத் தராசில் குட்டிகளை நிறுத்துக்கொண்டிருந்தார். எட்டுப் பத்து நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டுமாம். பால் கணக்கு நோட்டில் பால் கணக்கு நின்று, சிவப்பு நூல், நீல நூல், பச்சை நூல் என்று கிராம் கணக்கு ஏறியது. பால்காரருக்கு அந்த மாதம் இரண்டு தடவை பணம் போனது இப்படித்தான்.

முதல் இரண்டு வாரம் அந்த வீட்டில் எல்லோரும் கிசுகிசுத்தார்கள். டிவியை வாயசைவில் பார்த்தார்கள். குட்டிகளுக்குக் கண் திறக்கவே பத்துப் பன்னிரண்டு நாளாகும், காது அதற்கும் பிறகுதான். பக்கத்தில் வெடி வெடித்தாலும் அதுகளுக்குக் கேட்காது. அந்தச் சமயத்தில் குட்டிக்கு வேண்டியது சூடும் தாய்ப்பாலும்தான். சிறுநீர் கழிப்பதற்குக்கூடத் தாய் நக்கிவிட வேண்டும். மனிதன் செய்ய அங்கே அதிகமாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருக்க அண்ணாச்சியால் முடியுமா? காது குடையும் பஞ்சுக்குச்சியால் குட்டிகளின் விரலிடுக்கில் சில விநாடி கூச்சம் காட்டினார். தலைகீழாகச் சில விநாடி, மல்லாக்கச் சில விநாடி, ஈரத்துணியில் சில விநாடி. வெளிநாட்டு நாய்க்காரர்கள் மூன்றாம் நாளிலிருந்து பதினாறாம் நாள்வரை செய்கிற பயிற்சி அது. அதனால் பலன் உண்டா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அண்ணாச்சிக்குள் இருந்தது.

காது திறந்த அன்று காட்சி மாறியது. இதுவரை கிசுகிசுத்த வீடு அலற ஆரம்பித்தது. மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு பதினான்கு வாரம்வரை குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ கேட்கிறதோ, அதையெல்லாம் ஆயுளுக்கும் சகஜமாக எடுத்துக்கொள்ளும். அப்போது பழகாததைப் பின்னால் பழக்குவது பெரும்பாடு. இது அண்ணாச்சியின் கற்பனை இல்லை. அமெரிக்காவில் பார் ஹார்பர் ஆய்வகத்தில், மனிதர் முகத்தையே காட்டாமல் பதினான்கு வாரம் வளர்த்த குட்டிகள் காட்டு விலங்குபோல ஆகிவிட்டதை 1961-இல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அண்ணாச்சி இதைக் கீரைக்காரம்மாவிடம் விளக்கியிருக்கிறார். "அப்ப இன்னைக்குக் கீரை வேண்டாமா?" என்று அந்த அம்மா கேட்டாராம்.

விளக்கம் முடிந்து செயல்முறை தொடங்கியது. குக்கர் விசில் ஒலி எண் ஒன்று. மிக்ஸி ஒலி எண் இரண்டு. தேவையிருக்கிறதோ இல்லையோ, நேரத்துக்கு மிக்ஸி ஓடியாக வேண்டும் என்பதால் மதினி மூன்று வேளையும் சட்னி அரைத்தார். தெருவில் எல்லோர் வீட்டுக்கும் தேங்காய்ச் சட்னி வந்தது. எவர்சில்வர் தட்டை முதலில் எட்டத்தில் போட்டார்கள், பிறகு கிட்டத்தில். பட்டாசுச் சத்தத்தைக் கைப்பேசியில் மெல்ல வைத்து, நாளுக்கு நாள் கூட்டினார். குட்டிகள் நிம்மதியாகத் தூங்கின. அடுத்த வீட்டுத் தாத்தா, தீபாவளி இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதா என்று காலண்டரைப் பார்த்தார்.

அடுத்தது ஆள் பிடிக்கும் படலம். அதுவரை அண்ணாச்சி தெருக்காரர்களை நல்லவர், கெட்டவர், கடன் திருப்பாதவர் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். இப்போது தாடி உள்ளவர், குடை வைத்திருப்பவர், கண்ணாடி போட்டவர், கம்பு ஊன்றுபவர், சின்னப் பிள்ளை உள்ளவர் என்று புதுப் பிரிவினை. எனக்கு இதில் எந்தச் சிறப்பும் இல்லாததால் வெகுநாள் கூப்பிடவே இல்லை. சிலிண்டர் போட வந்த பையனை, "தம்பி, அதை இன்னொருக்க உருட்டிட்டுப் போ" என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கவிட்டார். தனியாகக் காசும் கொடுத்தார். உச்சம் குடுகுடுப்பைக்காரர். அவர் சத்தம் கேட்டால் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கும். அந்த அதிகாலையில் ஒரு கதவு மட்டும் திறந்தது.

"உள்ள வாரும். இன்னும் கொஞ்சம் ஓங்கி அடியும், பச்ச நூலுக்குச் சரியாக் கேக்கல."

பரம்பரையாக இந்தத் தொழில் செய்பவருக்கு இப்படி ஒரு வரவேற்பு முதல் தடவை போலிருக்கிறது. குறி சொல்லவே மறந்துவிட்டு, குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெருவில் அன்றைக்கு யாருடைய எதிர்காலமும் தெரியவில்லை.

குட்டிகளுக்கு ஊரைக் காட்ட வேண்டும். ஆனால் தடுப்பூசி முடியும்முன் கண்ட தெருவில் இறக்கிவிட்டால் பார்வோ வைரஸ் தொற்றிக்கொள்ளும். அதற்கும் வழி கண்டார். ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் இரண்டு இரண்டாக வைத்துத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் போய் நின்றார். ஹாரன், சுக்கு காபிக்காரர் குரல், டீசல் புகை எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. பைக்கு வெளியே நீளும் கூர்மூக்கைப் பார்த்த ஒரு பாட்டி, "ஆட்டுக்குட்டியாய்யா?" என்றார். அண்ணாச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஏற்கெனவே 2005-இல் அஞ்சல் தலையில் ராஜபாளையத்தைப் போட்டுச் சிப்பிப்பாறையை விட்டுவிட்டார்கள் என்ற புண் அவருக்கு ஆறவில்லை.

இடையில் மூன்று நான்கு வாரத்தில் கேழ்வரகுக் கஞ்சியும் பாலும் தட்டில் வைத்தார்கள். குட்டிகள் அதில் நடந்தன, உட்கார்ந்தன, மிஞ்சியதைக் குடித்தன. தரையில் விரிக்கத் தெருவெல்லாம் பழைய பேப்பர் கேட்டு வந்தார். எந்தக் கட்சிப் பத்திரிகையை மேல்பக்கம் விரிப்பது என்பதில் மட்டும் அவர் கொள்கை மாறவே இல்லை.

கடைசியில் குட்டியைக் கொடுக்கும் கட்டம். கரிசல் பக்கம் நல்ல வேட்டைநாய்க் குட்டியை விற்காமல், தெரிந்தவருக்கு மனமுவந்து கொடுப்பதே கௌரவம் என்ற எண்ணம் இன்னும் உண்டு. அதனால் விலைப் பேச்சு இல்லை. வேறு பேச்சு இருக்கிறது. வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? மொட்டைமாடியில் கட்டிப் போடுவீர்களா? ஊருக்குப் போனால் சோறு யார் வைப்பார்? பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட அண்ணாச்சி இவ்வளவு கேட்டதில்லை என்று அவருடைய மருமகனே என்னிடம் சொன்னார்.

ஒருவர் முப்பதாம் நாளே வந்து, "அதான் கண்ணு தொறந்தாச்சுல்லா, குடுத்துருங்க" என்றார். அண்ணாச்சி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார், குட்டி கொடுக்கவில்லை. இந்த இடத்தில் நான் முழுக்க அவர் பக்கம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவனுக்கு வலிக்கும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளோடு புரண்டு விளையாடித்தான் தெரிந்துகொள்கிறது. சீக்கிரம் பிரித்தால் அந்தப் பாடத்தை உங்கள் கைவிரலில் நடத்தும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு விதிகளே சொல்கின்றன. சந்தையில் இருபத்தைந்து நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து விற்பவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அண்ணாச்சியைத்தான் கிறுக்கு என்கிறோம்.

கொடுத்த பிறகும் அவர் விடமாட்டார். தாயின் வாசம் பிடித்த பழந்துணி ஒன்றைக் கூடவே அனுப்புவார். இரவு பதினொரு மணிக்குப் போன் வரும்: "அழுதா? பக்கத்துல படுக்க வைங்க." மூன்றாம் மாதம் வெறிநாய்த் தடுப்பூசிக்கு அவரே நினைவூட்டுவார். ஒரு வீட்டுக்காரர் நம்பரையே மாற்றிப் பார்த்தார். அண்ணாச்சி நேரில் போய்விட்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற எங்கள் தெருவில், அந்த வீட்டுக் குட்டிகள் போன இடத்தில் தபால்காரர் பயமில்லாமல் கேட்டைத் திறக்கிறார். சரவெடிக்கு நடுவில் அதுகள் குறட்டை விடுகின்றன. பிறந்த நாளிலிருந்து சங்கிலியில் கிடந்து, அந்நியர் நிழலைக் கண்டாலே பாய்கிற எதிர்வீட்டு நாய்க்கும் அதே கோவில்பட்டித் தண்ணீர்தான்.

தாய்க்குக் கருத்தடை செய்ய மருத்துவரிடம் மதினி நாள் குறித்துவிட்டார், சட்னியும் நின்றுவிட்டது. ஐந்து குட்டிகள் போயாயிற்று. பச்சை நூலுக்கு மட்டும் சரியான இடம் அமையவில்லை என்கிறார் அண்ணாச்சி. அமையாது என்று தெருவுக்கே தெரியும். இருந்தாலும் வேண்டுமென்றால் போய்க் கேட்டுப் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் போங்கள். அந்த வகையில் அவருக்கு இன்னும் ஆள் குறைகிறது.