கண்ணாடிப் படகில் போய் வந்தவர்

கண்ணாடிப் படகில் போய் வந்தவர், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம் அதில் போய் வந்தவர். இடம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா. மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை மருமகன் கூட்டிப்போனார். படகு உண்மையில் கண்ணாடியால் ஆனதல்ல. பாலிகார்பனேட் என்னும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, இரு முனையிலும் தகடு வைத்த துடுப்பை மாற்றி மாற்றிப் போட வேண்டும். முன்னால் ஒரு வழிகாட்டி தன் படகில் போவார். மற்றவர்கள் வாத்துக்குஞ்சுகள் மாதிரி அவர் பின்னால் அலையாத்திக் காட்டுக்குள் நுழைவார்கள். இந்தப் படகுக்குக் கயாக் என்று பெயர். அவர் வாயில் அது கயக், காயாக், கயாக்கு என மூன்று வடிவம் எடுக்கும்.

அங்கிருந்து அவர் ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்திருக்கிறார்: “காலுக்குக் கீழே அப்படியே தெரியும்.” பெட்டியில் வந்த பாதாமும் சாக்லேட்டும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டன. வாக்கியம் மூன்றாவது ஆண்டாகப் புழக்கத்தில் இருக்கிறது.

இது வெளிப்படத் தண்ணீர் தேவையில்லை. ஜவுளிக்கடையின் கண்ணாடி லிஃப்ட் போதும். நகைக்கடையில் கண்ணாடிப் பலகைக்கு அடியில் மோதிரம் தெரிந்தால் போதும். சம்பந்தி வீட்டில் கண்ணாடி போட்ட சாப்பாட்டு மேஜைக்குக் கீழே அவரவர் கால்கள் தெரிந்தபோது, சாம்பார் முடிந்து ரசம் வரும்வரை படகு ஓடியது. கல்யாணப் பந்தியில் ரசமே தெளிவாக அமைந்துவிட்டால் பக்கத்து இலைக்காரருக்கு விமோசனம் இல்லை. கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த அன்று, “இப்ப எப்படித் தெரியுது?” என்று கேட்ட டாக்டரும் மாட்டிக்கொண்டார்.

வாக்கியத்தின் மையத்தில் இருப்பது மேனட்டி. கடலோர நீரிலும் ஆற்று முகத்திலும் புல் மேய்ந்து வாழும் சாதுவான பாலூட்டி. வளர்ந்தது சுமார் 3 மீட்டர் நீளமும் 400 முதல் 550 கிலோ எடையும் இருக்கும். அவருடைய மேனட்டி வேறு விதமாக வளரும். ஊர் திரும்பிய முதல் வாரத்தில் அது பத்தடி தள்ளிப் போனது. பொங்கலுக்குள் படகுக்கு அடியில் புகுந்தது. சித்திரையில் படகின் அடிப்பாகத்தை முதுகால் உரசியது. ஆடி மாதம் ஒரு வளைகாப்பில் அது படகையே இவரோடு சேர்த்து ஒரு சாண் தூக்கி இறக்கியது. “ஏங்க, அது நமக்கு முன்னாடி போன படகுக்கு அடியிலங்க” என்று அவருடைய மனைவி ஒவ்வொரு முறையும் சொல்வார். அது ஒவ்வொரு முறையும் யார் காதிலும் விழாது. ஆதாரமாகக் கைபேசியில் 11 விநாடிப் படம் ஒன்று இருக்கிறது. அதில் தெளிவாகத் தெரிவது அவருடைய இரண்டு பாதங்கள். ஓரத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று நகர்கிறது. இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு வெடிப்பு. இந்தப் படத்தைப் பார்க்காத உறவினர் இப்போது யாரும் இல்லை.

இப்படிப்பட்டவரைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனது மைத்துனர் வீட்டார் செய்த பிழை. சிதம்பரத்தில் அவர்கள் வீட்டில் அவர் வந்து இறங்குவது எப்போதும் ஐந்து நாளைக்கு. இரண்டாம் நாளே பேச்சு தீர்ந்துவிடும், படகு தீராது. அசல் காட்டைக் கண்ணால் பார்த்தால் வாய் அடங்கும் என்று அந்த வீட்டில் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்க, இடையில் 1,100 ஹெக்டேருக்கு மேல் காடும் கால்வாயுமாகக் கிடக்கிறது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இதை மைத்துனர் மகன் காரில் எடுத்துச் சொன்னபோது அவர், “அங்கெல்லாம் போர்டு வச்சு எழுதியிருப்பான்” என்றார். இங்கும் போர்டு இருந்தது. அதற்கு முன்னால்தான் கார் நின்றது.

படகுத் துறையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டும்போதே தொடங்கிவிடும். அங்கெல்லாம் ஆளை நிற்கவைத்து அளவு பார்த்துக் கொடுப்பான். அங்கெல்லாம் படகில் ஏறுமுன் கால் மணி நேரம் பாடம் நடத்துவான். அங்கெல்லாம் என்ற சொல்லுக்கு அகராதியில் இடப்பொருள்தான் உண்டு; இவர் வாயில் அது இருக்கும் இடத்தை இல்லாமல் செய்யும் சொல்.

துடுப்புப் படகில் ஏறி உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், குனிந்து கீழே பார்த்தது. பழக்கதோஷம். கீழே நான்கு ஜோடிச் செருப்பும், தண்ணீர் இறைக்க வாய் வெட்டிய பிளாஸ்டிக் கேனும் இருந்தன. நிமிர்ந்து வெளியே பார்த்தார். தண்ணீர் கடுந்தேநீர் நிறம்.

“என்ன தம்பி, தண்ணி இப்படி இருக்கு? அங்கெல்லாம் காலுக்குக் கீழே அப்படியே...”

“சேறு இருந்தாத்தான் சார் எறா இருக்கும்” என்றார் படகுக்காரர்.

அலையாத்திக் காட்டைப் பற்றிய பாடநூல்கள் பல பக்கங்களில் சொல்வதும் இதைத்தான். இரண்டு ஆறுகளும் வண்டலைக் கொண்டுவருகின்றன. உதிரும் இலைகளிலிருந்து டானின் கசிந்து தண்ணீருக்குச் சாயம் ஏற்றுகிறது. இலையை நண்டு கிள்ளித் தின்ன, மிச்சத்தை நுண்ணுயிர்கள் மட்கவைக்க, அந்த மக்கில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. கலங்கல் இங்கே சமையல் நடப்பதற்கு அடையாளம். இறாலுக்குத் தேவை சாப்பாடு; கீழே தெரிகிறதா இல்லையா என்ற கவலை அதற்கு இல்லை.

மோட்டார் படகு நுழையாத குறுகிய கால்வாயில் துடுப்புப் படகு புகுந்தால் வேர்கள் தோளை உரசும். கரையோரம் நிற்பது சுரபுன்னை. கிளையிலிருந்தும் தண்டிலிருந்தும் வேரை வளைத்து இறக்கி, முட்டுக்கால் ஊன்றினாற்போல நிற்கும் மரம். அதன் பின்னால் வெண்கண்டல், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேரை நீட்டி வைத்திருக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாகக் கழிக்கும். வேர்களுக்கு நடுவே ஒரு கை மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைக்கும். தண்ணீரை விட்டு வெளியே வந்து ஈரத் தோலாலும் மூச்சு விடும் மீன் ஒன்று சேற்றில் தத்தித் தத்திப் போகும். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில், பளிச்சென்ற வெயிலில், எந்தக் கண்ணாடியும் குறுக்கே இல்லாமல் நடக்கும். அவர் அந்த நேரத்தில் கைபேசியில் பாதங்களைத் தேடிக்கொண்டிருந்தார், படகுக்காரருக்குக் காட்ட.

சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்கும். அதைப் படகுக்காரர் தொட்டுக் காட்டியதும் அவர், “அங்க இதைவிட நீளம்” என்றார். இது அளந்து பார்க்கக்கூடிய விஷயம். ஃப்ளோரிடாவின் சிவப்பு அலையாத்தியும் பிச்சாவரத்துச் சுரபுன்னையும் ரைசோபோரா என்ற ஒரே பேரினம், பங்காளிகள். பிச்சாவரத்தில் உள்ள மியுக்ரோனேட்டா இனத்தின் முளை அரை மீட்டரைத் தாண்டும். ஃப்ளோரிடாவினது பெரும்பாலும் அதில் பாதிதான். போதாததற்கு, இங்கே இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து பிறந்த ஒரு மரத்துக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் அண்ணாமலையானா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்து, “அங்கே வழிகாட்டி ஒரு பொண்ணு, எல்லாத்தையும் விளக்கமா சொல்லிச்சு” என்பார்.

வழியில் ஒரு கிளையை ஒடிக்கக் கை நீட்டினார். “தொடாதீங்க சார், தில்லை!” என்று படகுக்காரர் துடுப்பை விட்டுக் கத்தினார். தில்லை மரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் இந்த மரத்தால் வந்தது. நடராசர் கோயிலின் தலமரமும் இதுதான். பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலில் கும்பிட்டு வந்தவர் மரத்தை அன்றுதான் நேரில் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தார். படகில் இருந்த மற்றவர்கள் அந்த இரண்டு நிமிடத்தை இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

அடுத்து நடந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை. கால்வாய் திரும்பும் இடத்தில், தாழ்ந்த கிளை ஒன்றில் கருந்தலை மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. கறுப்புத் தலை, வெள்ளைக் கழுத்து, ஊதா கலந்த நீல முதுகு, சிவந்த பெரிய அலகு. குளிர்காலத்தில் கடலோரக் காடுகளுக்கு வரும் பறவை. உலக அளவில் அருகிவருவதாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். தண்ணீரையே பார்த்தபடி, பாய்வதற்குத் தயாராக இருந்தது. படகுக்காரர் துடுப்பைத் தூக்கிவிட்டார். படகில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, பள்ளி நோட்டில் மீன்கொத்தி வரைந்து வைத்திருந்த குழந்தை, மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்து நின்றது. அவர் முழுக்குரலில், “இதெல்லாம் என்ன, அங்கே ஒரு பருந்து வந்துச்சு பாரு” என்றார். பறவை போய்விட்டது. மறுபடி வரவில்லை. அவர் பருந்தை முழுசாகச் சொல்லி முடித்தார். காசு கொடுத்து, விடியற்காலையில் எழுந்து, வெயிலில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பதற்காக வருகிறார்கள். அடுத்தவர் பார்க்கும் பத்து விநாடி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதவர் வீட்டில் இருக்கலாம்.

ஆனாலும் திரும்பும் வழியில் ஒன்று நடந்தது. கால்வாய் ஓரத்தில் நாலைந்து இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. கையால் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலைப் பல்லில் கவ்விய ஓலைப் பறிக்குள் போட்டுக்கொண்டே போனார்கள். படகு கடந்த பிறகும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“கீழே ஒண்ணுமே தெரியலையே தம்பி, எப்படிப் பிடிக்கிறாங்க?”

“கையில தட்டுப்படும் சார்.”

அவர் தண்ணீருக்குள் கையை விட்டார். கரை வரும்வரை எடுக்கவில்லை. அந்தப் பயணத்தில் அங்கெல்லாம் என்ற சொல் வராத கேள்வி அது ஒன்றுதான்.

கரையில் டீ குடிக்கும்போது சரியாகிவிட்டார். மேனட்டியின் நெருங்கிய உறவான ஆவுளியா நம் பாக் விரிகுடாவிலேயே கடற்புல் மேய்ந்துகொண்டிருக்கிறது என்றும், அதற்காகத் தமிழக அரசு 2022இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கி.மீ. பரப்பைக் காப்பகமாக அறிவித்திருக்கிறது என்றும், அப்படி ஒரு காப்பகம் இந்தியாவில் அதுவே முதல் என்றும் மைத்துனர் மகன் சொன்னான். “அது வேற, இது வேற” என்றார். இந்த ஓர் இடத்தில் அவர் சொன்னது சரி: மேனட்டிக்கு வால் வட்டத் துடுப்பு மாதிரி இருக்கும், ஆவுளியாவுக்குத் திமிங்கலம் போலப் பிளந்திருக்கும். தெரிந்து சொன்னாரா என்பதற்குச் சான்று இல்லை.

அன்று இரவு ஃப்ளோரிடாவிலிருந்து மகள் பேசினாள். அப்பா பிச்சாவரம் போய் வந்த செய்தியைக் கேட்டுச் சிரித்தாள். அங்கே கண்ணாடிப் படகில் போன இரண்டு மணி நேரமும் அவர் கீழே பார்க்கவே இல்லையாம். அந்த வழிகாட்டிப் பெண்ணிடம், எங்கள் ஊரில் பிச்சாவரம் என்று ஒரு காடு இருக்கிறது, அங்கெல்லாம் இதைவிட அடர்த்தி, எம்.ஜி.ஆர். நடித்த இதயக்கனியையே அங்கேதான் எடுத்தார்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாராம். வழிகாட்டி இரண்டு முறை மேனட்டியைக் காட்டினாளாம்.

இரண்டு படகுக்கும் பணம் கட்டியது அவர் இல்லை.