ஒன்பது சொன்ன பொய்

1989-ல் நான் ஆறாம் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து உட்கார வைத்துவிட்டு, பதினாறாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை ஒப்பிக்கச் சொல்வார் அப்பா. அதன் பிறகுதான் வெந்நீர்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த தாத்தாவுக்கு இதெல்லாம் ஒரு படிப்பாகவே தெரியவில்லை. “ஏழு முக்கால் எவ்வளவுல?” என்பார். நான் விழிப்பேன். “அஞ்சேகால்” என்று அவரே சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். அவர்கள் காலத்தில் கால், அரைக்கால், மாகாணிக்கெல்லாம் வாய்ப்பாடு உண்டு. முழு எண்ணோடு நிறுத்திக்கொண்ட என் தலைமுறை அவர் கணக்கில் தேறாத தலைமுறை.

பள்ளிக்கூடத்தில் பெரிய பெருக்கல் வந்தது. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்டது 347 × 68. ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆறு போட்டு மிச்சம் அஞ்சு மேலே. முதல் வரி முடிந்ததும், “ரெண்டாவது வரிய ஒரு இடம் தள்ளிப் போடு, தள்ளுன இடத்துல பெருக்கல் குறி போடு” என்பார். ஏன் தள்ளவேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்தப் பெருக்கல் குறியை நினைத்துக்கொண்டேன். யாருக்காகப் பிடித்த இடம் என்பது தெரியாது. ஒரு சைபருக்காக என்று புரிய வெகுநாள் ஆயிற்று. 68-ல் இருக்கும் ஆறு வெறும் ஆறல்ல, அறுபது.

பரீட்சையிலும் அதே கணக்கு. துண்டு போட மறந்துவிட்டேன். 2,776-க்கு நேர் கீழே 2,082 எழுதிக் கூட்டினால் 4,858. ஆனாலும் பயமில்லை. தாத்தா சொல்லிக்கொடுத்த சரிபார்ப்பு என் கையில் இருந்தது. 347-ன் இலக்கங்களைக் கூட்டினால் 14, அதையும் கூட்டினால் 5. 68-க்கும் 14, பிறகு 5. ஐயஞ்சு இருபத்தைந்து, அதைக் கூட்டினால் 7. விடை 4,858-ஐக் கூட்டினால் 25, அதுவும் 7. இரண்டும் ஒன்றாக வந்தால் கணக்கு சரி. ஒன்பதுகளைக் கழித்து மிச்சம் பார்க்கும் பழைய வித்தை இது. நிமிர்ந்த நெஞ்சோடு தாளைக் கொடுத்தேன்.

வாத்தியார் பேனாவைக்கூடத் திறக்கவில்லை. “ஏலே, 350 பேருக்கு ஆளுக்கு 70 ரூவா குடுத்தா எவ்வளவு? இருபத்தி நாலாயிரத்து ஐநூறு. நீ நாலாயிரத்துச் சொச்சம் எழுதிருக்க. மிச்சத்த எவன்லே தின்னான்?” வகுப்பு சிரித்தது. 1980-ல் லண்டனில் சகுந்தலா தேவி இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடியில் மனத்திலேயே பெருக்கியதையும் அவர் அன்று நினைவுபடுத்தினார். பிரம்பும் பேசியது.

இப்போது என் மகள் ஆறாம் வகுப்பு. வாய்ப்பாட்டில் அவளுக்கு எட்டோடு மூச்சு வாங்குகிறது. ஆனால் காரணம் எல்லாம் தெரியும். இடமதிப்பு தெரியும், கட்டம் போட்டுப் பெருக்கத் தெரியும். “ஏம்ப்பா தள்ளிப் போடுறீங்க?” என்று என்னைக் கேட்கவும் தெரியும். விடமுடியுமா? கி.பி. 628-லேயே கணித அறிஞர் பிரம்மகுப்தர் இதுபோன்ற முறையை எழுதிவைத்தார், ‘கோமூத்திரிகா’ என்று பெயர் என்றேன். அர்த்தம் கேட்டாள். நடந்துகொண்டே மாடு பெய்யும் மூத்திரத் தடம் என்றேன். அன்றைய பாடம் சிரிப்போடு முடிந்தது.

மறுநாள், மறக்கவே முடியாத அந்த 347 × 68-ஐ அவளுக்குக் கொடுத்தேன். 300, 40, 7 என்று மேலே, 60, 8 என்று பக்கத்தில், ஆறு கட்டம். 2,400, 420, 320 எல்லாம் அழகாக விழுந்தன. 300 × 60 கட்டத்தில் மட்டும் 18-க்குப் பின்னால் நான்கு சைபர். கூட்டி 1,85,596 என்று நீட்டினாள்.

தாத்தாவை நினைத்துக்கொண்டேன். இலக்கங்களைக் கூட்டினேன்: 34, பிறகு 7. “சரிம்மா” என்று டிக் அடித்தேன். அவள் போனை எடுத்துத் தட்டினாள். “அப்பா, இதுல 23,596-னு வருது.”

35 வருடத்துக்குப் பிறகுதான் உறைத்தது. சைபரைக் கூடுதலாகப் போட்டாலும், விட்டாலும், வரியைத் தள்ள மறந்தாலும், இலக்கங்களைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் வரும் ஒற்றை இலக்கம் மாறுவதில்லை. பெரிய பெருக்கலில் பிள்ளைகள் சறுக்கும் இடம் அது. அந்த இடத்தில் ஒன்பதுக்குக் கண் தெரியாது. அன்று ஆயிரக்கணக்கில் குறைந்ததையும் இன்று லட்சத்துக்கு மேல் கூடியதையும் ஒரே முகத்தோடு “சரி” என்று சொல்லிவிட்டது. காரணம் தெரியாத நான், காரணம் தெரிந்த மகள், இரண்டு பேரும் ஒரே பள்ளத்தில்.

இரண்டு தவறையும் நொடியில் பிடித்திருக்கக்கூடியது வாத்தியாரின் அந்த ஒரு கேள்விதான். பிரம்படியை மறக்காத நான் கேள்வியை மறந்திருந்தேன். இப்போது மகள் நோட்டின் ஓரத்தில் 350 × 70 = 24,500 என்பதுபோல ஒரு தோராயத்தைப் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் முதல் கட்டம் போடுகிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளை கையால் பெருக்கினாலும் சரி, போனில் தட்டினாலும் சரி, ஓரத்தில் அந்த ஒரு வரியை முதலில் எழுதச் சொல்லுங்கள்.