காவல்காரன் கணக்கும் எழுதுவான்

கே: பாதுகாப்பு ரிலேயின் வேலை, ஃபால்ட் (கோளாறு) வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க டிரிப் கொடுப்பது. அதற்கு டிமாண்ட் (சராசரி லோடு) கணக்கு எதற்கு?
– கோவை வாசகர்

ப: ஃபால்ட் என்கிற திருடன் எப்போதோ ஒருநாள்தான் வருவான். மீதி நாளெல்லாம் காவல்காரன் கண் கொட்டாமல் கரண்டைப் பார்க்கிறான். பார்த்ததை எழுதச் சொன்னால் கூடுதல் சம்பளமா கேட்கப்போகிறான்?

கே: 800 ஆம்பியரை அந்தச் சின்னப் பெட்டி எப்படித் தாங்குகிறது?
– ஈரோடு வாசகர்

ப: தாங்குவதே இல்லை. சி.டி. (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) அதை 1 அல்லது 5 ஆம்பியராகச் சுருக்கித் தருகிறது. ரிலே ஒவ்வொரு சைக்கிளிலும், அதாவது 20 மில்லிசெகண்டுக்குள், பல தடவை அளந்து, விகிதத்தால் பெருக்கி 800 என்று காட்டுகிறது. 800/1 சி.டி.க்கு 400/1 என்று செட்டிங் போட்டீர்களானால் திரையில் பாதி லோடு மாயம்!

கே: திரையில் கரண்ட் 310, டிமாண்ட் 190. எது பொய்?
– திருப்பூர் வாசகர்

ப: இரண்டும் சத்தியம். 310 இந்த நொடி. 190 கடந்த 15 நிமிடச் சராசரி. டிரான்ஸ்பார்மர் ஆயில் நொடியில் சூடாவதில்லை. அதற்குச் சராசரிதான் சங்கதி.

கே: டிமாண்ட் கணக்கிட பிளாக், ரோலிங், தெர்மல் என்று மூன்று முறைகள்... எதைத் தேர்வு செய்ய?
– ஓசூர் வாசகர்

ப: 10.10 முதல் 10.20 வரை 300 ஆம்பியர், மற்ற நேரம் பூஜ்யம் என்று வையுங்கள். பிளாக் முறை 10.15-ல் கத்தி போடும். இரு பக்கமும் தலா 100 என்று உச்சம் நைசாகத் தப்பிவிடும். ரோலிங், கணக்கை நகர்த்திக்கொண்டே வந்து 200 என்று கையும் களவுமாகப் பிடிக்கும். தெர்மல் நிதானப் பேர்வழி: 15 நிமிடம் என்று செட் செய்தால், புதிதாக வந்த 100 ஆம்பியரை 15 நிமிடத்தில் 90 என்றும், 30 நிமிடத்தில் 99 என்றும் ஒப்புக்கொள்ளும். என் ஓட்டு ரோலிங்குக்கே.

கே: சிப் வருவதற்கு முன் உச்ச டிமாண்டை யார் அளந்தார்கள்?
– காரைக்குடி வாசகர்

ப: இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஆர்தர் ரைட்! கரண்டின் சூட்டில் கண்ணாடிக் குமிழுக்குள் காற்று விரியும், திரவத்தைத் தள்ளும், வழிந்தது அளவுக் குழாயில் தங்கிவிடும். வழிந்தது வழிந்ததுதான், திரும்பாது. அதுவே உச்சம். 1894-ல் இதைப் பார்த்த சிகாகோ மின் கம்பெனிக்காரர் சாமுவேல் இன்சல், டிமாண்ட் கட்டணத்தை அமெரிக்காவில் பரப்பினார். தொழிற்சாலை பில்லைப் பார்த்துப் பல்லைக் கடிப்பவர்கள் யாரை நினைக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறதா?

கே: டிமாண்ட் எல்லை தாண்டினால் டிரிப் ஆகுமா?
– ராணிப்பேட்டை வாசகர்

ப: பொதுவாக அலாரம்தான். ஃபால்ட்டுக்கும் 15 நிமிடம் பொறுத்தால் பேனலே மிஞ்சாது!

கே: நியூட்ரல் டிமாண்ட் எதற்கு?
– விருதுநகர் வாசகர்

ப: ஒரே பேஸில் லோடைக் குவித்த எலக்ட்ரீஷியனைக் காட்டிக்கொடுக்க.

கே: ரிலே கணக்கை வைத்து மின்கட்டண பில்லை எதிர்த்து வழக்குப் போடலாமா?
– சேலம் வாசகர்

ப: வக்கீல் பிழைப்பார். ரிலேயின் 5பி20 சி.டி., 20 மடங்கு கரண்டிலும் 5 சதவீதப் பிழைக்குள் நிற்கப் பிறந்தது. பில் மீட்டருக்கு அதைவிடத் துல்லியமான தனி சி.டி. உண்டு. தவிர, பில் கே.வி.ஏ.வில், நீங்கள் காட்டுவது ஆம்பியர்.

கே: ஸ்காடா கண்காணிப்புத் திரையில் பீக் டிமாண்ட் மூன்று மாதமாக 412-லேயே நிற்கிறது. ரிலே கெட்டுவிட்டதா?
– தூத்துக்குடி வாசகர்

ப: ரிலே சௌக்கியம். ரீசெட் செய்யும்வரை பழைய உச்சம் இறங்காது. மாதம் முதல் தேதி எண்ணை நோட்டில் குறித்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். உச்சத்தின் நேரம் தப்பாமலிருக்க ரிலேயின் கடிகாரத்தையும் சரிபாருங்கள். அடுத்த மோட்டாருக்கு ஆர்டர் போடுமுன் அந்த நோட்டை ஒருதரம் திறங்கள், சாமி!