அப்பனையும் கூட்டிட்டுப் போ, எய்யா

ஏல தம்பி, மூஞ்சியை ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்க? சங்கதி எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில கிறிஸ்தவப் பாட்டுத் திருவிழா. கூட்டாளிகளோட போகணும்னு மாசக்கணக்கா நாள் எண்ணிக்கிட்டு இருந்த. இப்ப ஒங்கப்பாவும் கூட வாரேன்னுட்டாராம். இதுக்குத்தான் நேத்து ராத்திரி சோறு எறங்கலையாக்கும்? இட்லி மட்டும் எட்டு எறங்குச்சுன்னு ஒங்கம்மை சொன்னா.

வா, இங்கன திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கவுத்தி வையி.

போன வருசம் எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். என் மகனும் பேரனும் போனாங்க. நடுவுல நானும் போனேன். என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனாங்க தெரியுமா? ரெண்டு பேரும் பேசிக்கிடணும்னா நடுவுல ஒரு ஆள் வேணும்லா? 'தாத்தா, அப்பாகிட்ட தண்ணி வேணுமான்னு கேளுங்க.' 'அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லுங்கப்பா.' நான் என்ன தாத்தாவா, தபாலாபீசா?

பேரன் போட்டிருந்தது கருப்பு டீ-சர்ட். நெஞ்சுல ஒரு வசனம். முட்டியில கிழிஞ்ச ஜீன்ஸ். என் மகன் வாசல்லயே மறிச்சிட்டான். 'ஆண்டவர் சமுகத்துக்கு இப்படியா போவ?' நான் சொன்னேன்: 'விடுலே. வேதத்துல யாக்கோபு கிழிச்சான், தாவீது கிழிச்சான், யோபு கிழிச்சான். எல்லாரும் துக்கத்துல கிழிச்சாங்க. இவனுக்கு அப்பன் கூட வாராம்லா, அந்தத் துக்கம்.'

மகன் மட்டும் லேசுப்பட்டவனா? வேன்ல இருந்து எறங்குன ஒடனே பையன் தோள்ல கையைப் போட்டு ஒரு செல்ஃபி. படம் விழுந்ததும் கையை எடுத்துட்டான். 'மகனோடு ஆராதனையில்'னு வாட்ஸப்புல ஏத்தும்போது அந்த மகன் நாலடி தள்ளி, யாரோ பெத்த பிள்ளை மாதிரி நிக்கான்.

வாசல்ல கையில ஒரு பட்டை கட்டி விட்டாங்க. கூடக் காசு குடுத்தவங்களுக்கு ஒரு கலர், மேடைக்குப் பக்கத்துல நாற்காலி. நமக்கு வேற கலர், கம்புக்கு இந்தப் பக்கம் புழுதி. பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல எடம் குடுத்து ஏழையைக் கீழ உக்காரச் சொல்லாதீங்கன்னு யாக்கோபு நிருபத்துல ரெண்டாம் அதிகாரம் இருக்கு. அந்த அதிகாரத்தை டிக்கெட் அடிச்ச ஆள் படிக்கலை போல. நான் ஒண்ணும் சொல்லலப்பா. மோதிரம் எங்கிட்டயும் இல்ல.

அப்புறம் மேடையில புகை விட்டாங்க. என் மகன் கைக்குட்டையை மூக்குல வச்சுக்கிட்டு, 'இது என்னப்பா, சினிமா மாதிரி'ன்னான். ஏலே, வேதத்தைப் பாராயணம் பண்ணுத ஆளு நீ, ரெண்டு நாளாகமம் அஞ்சாம் அதிகாரத்தை மறந்துட்டியா? சாலொமோன் கட்டுன ஆலயத்துல 120 ஆசாரியர் சேந்து பூரிகை ஊதுறாங்க. பாட்டும் தாளமும் ஏறுது. மேகம் வந்து ஆலயத்தை நிரப்புது. ஆசாரியரே நிக்க முடியலயாம். அந்த மேகத்துக்கு மிஷின் வாடகை கெடையாது. அது ஒண்ணுதான் வித்தியாசம்.

பாட்டு எடுத்துக் குடுத்தவருக்குப் பேரு ஒர்ஷிப் லீடராம். எங்க காலத்துல அந்த வேலையை உபதேசியார் பாப்பார். பாட்டும் எடுப்பார், மணியும் அடிப்பார், பாய் பத்தலைன்னா வீடு வீடாப் போயி பாயும் கேப்பார். இவரு காதுல வயரு. அதுக்குள்ள 'டிக் டிக்'னு தாளம் சொல்லிக் குடுக்குமாம். 'தாளம் தெரியாத ஆளையா லீடர் ஆக்குனீங்க?'ன்னு கேட்டேன். பேரன் மொறைச்சான். அப்புறம் பொறுமையாச் சொன்னான், வாசிக்கிற எல்லாரும் ஒண்ணா ஓடத்தான் தாத்தா அதுன்னு. நியாயம்தான். எங்க சபையில ஆர்மோனியம் ஆமென் போட்டு மூடும்போது, பொம்பளையாளுக பக்கம் இன்னும் மூணாவது அடியில நிக்கும்.

ஆர்மோனியம்னதும் ஞாபகம் வருது. என் மகன் அன்னைக்கு என்ன சொன்னான் தெரியுமா? 'கிடாரெல்லாம் மேல்நாட்டு வாத்தியம்ப்பா. நம்ம பாரம்பரியம் ஆர்மோனியமும் கீர்த்தனையும்.' எனக்கு அடக்க முடியாமச் சிரிப்பு. ஆர்மோனியம் எந்த ஊரு? நாசரேத்தா, சாயர்புரமா? பாரீசுல பொறந்த பெட்டி அது. நம்ம ஊரு ராகத்துக்கே ஆவாதுன்னு 1940-ல அகில இந்திய வானொலிக்காரன் அதுக்குத் தடை போட்டான். முப்பது வருசத்துக்கு மேல ரேடியோவுல அதுக்கு எடமில்ல. இன்னைக்கு அது நம்ம தாத்தா சொத்து!

கீர்த்தனை கதை அதை விட நல்ல கதை. வேதநாயக சாஸ்திரியார், 1774-ல நம்ம திருநெல்வேலிச் சீமையில பொறந்தவர். உன்னை விடச் சின்னப் பொடியனா இருக்கையில மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போனார். அந்தப் பிள்ளை வளந்து ராகம் தாளத்தோட கீர்த்தனை கீர்த்தனையா எழுதிக் குவிச்சாரு. சரபோஜி மன்னருக்குச் சேக்காளி. பின்னால புதுசா வந்த மிஷனரிமாருக்கு அது பிடிக்கல. ஆராதனையில தமிழ்க் கீர்த்தனை ஆவாதுன்னாங்க. கிழவர் விடுவாரா? எழுதி எழுதிச் சண்டை போட்டார். அதே சண்டையில, கோவில்ல சாதியைக் கலந்து உக்கார வைக்காதீங்கன்னும் சேத்து எழுதினாரு. அதுக்கு நான் அவரு பக்கம் நிக்க மாட்டேன். பாட்டுக்கு நிக்கேன்.

இப்பச் சொல்லு. அன்னைக்கு ஆவாதுன்னு தள்ளுன பாட்டு இன்னைக்குப் பாரம்பரியம். இன்னைக்கு ஒங்கப்பா ஆவாதுங்கிற பாட்டை நீ ஒம் பிள்ளைகிட்ட, 'அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா'ம்ப. சொல்லுவியா மாட்டியா?

சிரிக்காத. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். இதே என் மகன் உன் வயசுல பெர்க்மான்ஸ் ஐயா கேசட்டை வாங்கியாந்து, நாள் பூரா வீடு அதிரப் போட்டான். கையைத் தட்டிக்கிட்டு ஒரு பாட்டாலேன்னு நான் ஏசி, ஃபியூசைப் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டேன். ராத்திரி ஃபேன் ஓடாம மொத்தக் குடும்பமும் முத்தத்துல படுத்தோம். இப்ப அந்தப் பாட்டைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது.

ஆடம்பரம்னு சொன்னான் என் மகன். அவ்வளவு பெரிய திரை, அவ்வளவு லைட்டுன்னு. அதுல பாதி நியாயம் உண்டு. ஜெனரேட்டர் வாடகைக்கே ரெண்டு கிராமத்து அசனம் போடலாம். ஆனா மெஞ்ஞானபுரத்துக்குப் போயிருக்கியா? தேரி மணலுக்கு நடுவுல 192 அடிக்கு ஊசி மாதிரி கோவில் கோபுரம் நிக்கும். அது ஏறுத காலத்துல, பனையடியில நின்ன ஒருத்தனாவது 'இம்புட்டு ஒசரம் எதுக்குவே'ன்னு கேட்டிருக்க மாட்டானா?

சரி, விசயத்துக்கு வாரேன்.

பத்து மணி இருக்கும். பழைய கீர்த்தனை ஒண்ணை எடுத்தாங்க. டிரம்சு, கிடாரு எல்லாம் வச்சுத்தான். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு, கல்யாண வீட்டுல மொய் எழுதாத ஆளு மாதிரி நின்ன என் மகன் கையை அவுத்தான். கண்ணை மூடுனான். தொண்டையைத் தொறந்தான். பல்லவி ஆச்சு, முதல் சரணம் ஆச்சு. அடுத்து கிரவுண்டு பூரா ஒண்ணு பாடுது, இவன் தனியா வேற ஒண்ணு பாடுதான். ஒரே சத்தமா! முன்னால நிக்கிறவங்க திரும்பிப் பாக்காங்க. பேரன் சட்டையைப் பிடிச்சு இழுத்தான்.

'அப்பா, அது கடைசிச் சரணம்.'

'பின்ன எது?'

'ரெண்டாவது சரணம் இப்ப ஓடுது.'

'இதுல ரெண்டாவது சரணம் இருக்காலே?'

எப்படித் தெரியும் அவனுக்கு? எங்க சபையில அதை எந்தக் காலத்துலயோ வெட்டியாச்சு. காணிக்கைப் பை ஆம்பளையாளுக பக்கம் சுத்தி முடிக்கதுக்குள்ள பாட்டு முடியணும்லா? அவன் பொறந்ததுல இருந்து பாடுத பாட்டுல பாதியை அவன் கேட்டதே இல்ல. பேரன் போனை எடுத்துக் காட்டுனான். என் மகன் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, தலையைக் குனிஞ்சு எழுத்துக் கூட்டிப் பாடுனான். அந்தச் சின்ன வெளிச்சத்துல ரெண்டு தலையும் முட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்ப அவங்களுக்குத் தபாலாபீசு தேவைப்படல.

தாவீது காலத்துல ஏமான்னு ஒரு பாட்டுக்காரன் இருந்தான். பதினாலு மகன், மூணு மக. அம்புட்டு பேரும் அப்பன் கைக்குக் கீழ நின்னு தாளமும் தம்புருவும் சுரமண்டலமும் வாசிச்சாங்கன்னு எழுதியிருக்கு. அந்த வீட்டுல எத்தனை மூஞ்சி தூக்கல் நடந்துச்சோ, அதை எழுதலை. ஒனக்கு ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு அப்பன். அதையும் நாலடி தள்ளி நிப்பாட்டப் போறியா?

கேட்டுக்கோ. ஒங்கப்பாவுக்கு முழங்கால் வலி, ஒரு மடக்கு நாற்காலி தூக்கிட்டுப் போ. பாட்டு நடுவுல 'எப்படிப்பா இருக்கு'ன்னு கேக்காத. பிடிச்சிருந்தாலும் இல்லைம்பார். ஸ்பீக்கர் பொட்டிக்கு நேரா நிக்காதீங்க. எங்களுக்கு அது தெரியல. திரும்பையில ரோட்டோரம் பரோட்டாக் கடையில எறங்குனா, ரெண்டு பேருக்கும் காது 'ஙொய்'ங்குது. போன்ல சார்ஜும் போச்சு, டார்ச்சை ஆட்டி ஆட்டி. சால்னாவை நடுவுல வச்சுக்கிட்டு ஒருத்தனுக்கொருத்தன் கத்துதான்:

'அந்த டிரம்சுக்காரன் நல்லா அடிச்சாம்லே!'

'என்னப்பா?'

'டிரம்சு! டிரம்சுக்காரன்!'

'அவன் எங்க காலேஜுப்பா! சீனியர்!'

'என்னது? சீனியா?'

கடைக்காரன் சீனி டப்பாவைக் கொண்டாந்து வச்சிட்டுப் போனான். அரை மணி நேரம் கத்திக் கத்திப் பேசுனாங்க. நான் கிளம்பும்போதே ரெண்டு காதுலயும் பஞ்சு அடைச்சிட்டுத்தான் போயிருந்தேன். எனக்கு எல்லாம் கேட்டுச்சு.