அரிசிச் சீட்டும் திண்ணைப் பேச்சும்

எண்பதுகளில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை என்றால் எட்டுப் பேர்தான். தூத்துக்குடியில் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் பங்கு அது. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காருவார்கள். அப்பாவும் அதில் ஒருவர். செபம் முடிந்து, போன வாரம் யார் வீட்டுக்குப் போனோம், அங்கே என்ன நிலைமை என்று பேசி, கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். இரகசியப் பை என்பார்கள். மூடிய கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். இருப்பவர் போடுவார். இல்லாதவரும் வெறுங்கையை விட்டு எடுப்பார். யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

அதில் விழுந்த சில்லறைதான் அரிசிச் சீட்டாக மாறும். கோயில் பக்கத்து மளிகைக் கடையில் சீட்டைக் கொடுத்தால் அரிசியும் பருப்பும் கிடைக்கும். மாதக் கடைசியில் சபை கணக்கை முடிக்கும். சீட்டுக்காக யாரும் கோயில் வாசலில் வந்து நிற்க வேண்டியதில்லை. இரண்டிரண்டு பேராக வீட்டுக்கே கொண்டுபோவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை நின்றுபோகும் மாதங்கள்தான் பெரிய கஷ்டம். அப்படி ஒரு மழைக்காலத்தில் அப்பாவோடு போயிருந்தேன். உப்பு வாரும் ஆச்சியின் வீடு. அவள் பாதமெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளை வெள்ளையாக இருந்தது. அப்பா சீட்டை எடுக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, "காலு எப்படி இருக்கு ஆச்சி? மவன் காயிதம் போட்டானா?" என்று ஆரம்பித்தார். வெகுநேரம் பேசிவிட்டுக் கிளம்பும்போதுதான் சீட்டு கைமாறியது.

வீடு தேடிப் போகும் இந்த வழக்கம் பாரிஸிலிருந்து வந்தது. "உங்கள் திருச்சபை இன்றைக்கு ஏழைக்கு என்ன செய்கிறது?" என்ற கேள்விக்குப் பதிலாக, 1833-இல் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது சட்ட மாணவர் சில நண்பர்களோடு தொடங்கியதுதான் இந்தச் சபை. ரோசாலி ரெந்து என்ற கன்னியர்தான் எந்த ஏழை வீட்டுக்குப் போக வேண்டும், போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று சபை சுமார் 150 நாடுகளில் இருக்கிறது.

எங்கள் பங்கிலும் வளர்ந்துவிட்டது. பெண்கள் சேர்ந்தது பெரிய நல்லது. ஆண்கள் திண்ணையோடு நின்றார்கள். இவர்கள் அடுக்களை வரை போய் உலை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். கல்லூரிக் கட்டணம், தையல் மிஷின், டயாலிசிஸுக்குப் போய்வர ஆட்டோ வாடகை என்று சபை இப்போது எவ்வளவோ செய்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போட்ட மறுநாளே வெளிநாட்டிலிருக்கும் பங்குப் பிள்ளைகளின் பணம் வந்தது. தண்ணீர் வடியாத தெருக்களுக்குப் பாலும் போர்வையும் போயின. அந்தத் துணிப்பையை நம்பியிருந்தால் இது முடிந்திருக்காது.

ஆனால் பை இருந்த இடத்தில் இப்போது க்யூஆர் அட்டை. பெயரும் தொகையும் வாட்ஸ்அப் குழுவில் நன்றிப் பட்டியலாக வருகின்றன. பட்டியலில் இல்லாதவர்கள் மெல்லக் கூட்டத்துக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வாங்குகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரிசிப் பை கொடுத்தோம். வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண், பையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். "பையைக் கொஞ்சம் இறக்கும்மா" என்றார் படம் எடுத்தவர். அவள் இறக்கவில்லை. அந்த முகத்தைக் காட்டித்தான் நன்கொடை வர வேண்டுமென்றால் அது வராமலே போகட்டும்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். "கணக்குக் காட்ட வேண்டுமே" என்றார்கள். அதுவும் நியாயம்தான். பதிவேட்டில் கையெழுத்து போதும், படம் வேண்டாம் என்று முடிவானது. வீடு சந்திப்பும் மறுபடி வாரந்தோறும் நடக்கிறது. போன வாரம் பார்த்த ஒரு வயதான அம்மாவுக்கு அரிசி தேவைப்படவில்லை, ரேஷனில் வாங்கியது இருக்கிறது. மாதாமாதம் வரும் முதியோர் உதவித்தொகைதான் நின்றுபோயிருக்கிறது. தாலுகா ஆபீஸ் வரை தனியாகப் போய்வர அவரால் முடியாது. திங்கட்கிழமை காலையில் ஆட்டோ சொல்லியிருக்கிறோம். நானும் இன்னொருவரும் கூடப் போகிறோம்.